மூவர் கையெழுத்திட்ட ஒப்பந்தம்

முப்பதாண்டுக் காலம் கல்லூரியில் பொருளியல் கற்பித்தவன் நான். விற்பவரும் வாங்குபவரும் மனமொப்பி ஒரு விலைக்கு உடன்பட்டுவிட்டால் மூன்றாம் மனிதர் குறைகூற அதில் ஒன்றுமில்லை என்பதே என் வகுப்பறைப் பாடம். இசைக்கலைஞர் தம் பாட்டை விளம்பரத்துக்குத் தரலாமா என்று மாணவர்கள் கேட்டபோதும் அதே விடையைத்தான் தந்தேன். அந்த விடையின் மீது எனக்கிருந்த உறுதியைத் தளர்த்தியது, ஜிம் மோரிசன் என்னும் அமெரிக்கப் பாடகரின் வாழ்க்கை. எண்பதுகளின் தொடக்கத்தில் ஆய்வு மாணவர் விடுதியில், அறைத்தோழர் ஒருவரின் கேசட்டில் அவர் குரலை முதன்முதலாகக் கேட்டேன். அப்போதே அவர் இறந்து பத்தாண்டுகள் ஆகியிருந்தன.

1943இல் ஃபுளோரிடா மாநிலத்தில் பிறந்தவர் மோரிசன். தந்தை கடற்படை அதிகாரி. வியத்நாம் போருக்கு வித்திட்ட 1964ஆம் ஆண்டு டோங்கின் வளைகுடா நிகழ்வின்போது அப்பகுதியில் இருந்த அமெரிக்கக் கடற்படைப் பிரிவுக்குத் தலைமை தாங்கியவர். மகன் கலிஃபோர்னியாப் பல்கலைக்கழகத்தில் திரைப்படக்கலை பயின்றுவிட்டு, 1965 கோடையில் வெனிஸ் கடற்கரையில் உடன்பயின்ற ரே மன்சாரெக்கைச் சந்தித்துத் தாம் எழுதிய வரிகளைப் பாடிக் காட்டினார். ராபி கிரீகரும் ஜான் டென்ஸ்மோரும் சேர்ந்துகொள்ள, ‘தி டோர்ஸ்’ குழு பிறந்தது. மகன் பாடகரானதைத் தந்தை ஏற்கவில்லை. மகனோ, தம் பெற்றோர் இறந்துவிட்டார்கள் என்றே விளம்பரக் குறிப்புகளில் எழுதச் செய்தார்.

இக்குழுவினர் தொடக்கத்திலேயே செய்துகொண்ட ஏற்பாடு ஒன்று பொருளியலாளனாகிய என்னை இன்றும் வியக்கவைக்கிறது. பாட்டை யார் எழுதினாலும் வருமானம் நான்கு சம பங்கு. எந்த முடிவுக்கும் நால்வரின் இசைவும் வேண்டும். ஒருவர் மறுத்தாலும் அந்த முடிவு நிற்காது. இவ்வேற்பாடு பின்னாளில் எழுத்திலும் உறுதிசெய்யப்பட்டது. 1967இல் அமெரிக்காவின் முதலிடப் பாடலான ‘லைட் மை ஃபயர்’, பெரும்பாலும் கிரீகர் எழுதியது. ஆயினும் அதன் உரிமை நால்வருக்கும் பொதுவாகவே இருந்தது.

1968இல் ப்யூக் கார் நிறுவனம் அப்பாட்டைத் தன் விளம்பரத்துக்குக் கேட்டது. விலை 75,000 டாலர். ஐரோப்பியப் பயணத்துக்குப் பின் மோரிசன் லண்டனில் தங்கியிருந்தார். அவரைத் தொடர்புகொள்ள இயலாத நிலையில் மற்ற மூவரும் கையெழுத்திட்டுவிட்டனர். திரும்பி வந்து செய்தியறிந்த மோரிசன் கொதித்தெழுந்தார். மேடையில் ஒரு ப்யூக் காரைச் சம்மட்டியால் அடித்து நொறுக்கப்போவதாக மிரட்டினார். விளம்பரம் கைவிடப்பட்டது. ஆனால் நண்பர்கள் மீது அவர் வைத்திருந்த நம்பிக்கை பழைய நிலைக்குத் திரும்பவில்லை என்றே அவருடன் இருந்தவர்கள் பதிவுசெய்துள்ளனர். தாம் எழுதாத பாட்டுக்காக இவ்வளவு சினங்கொண்டார் என்பதைக் கவனிக்க வேண்டும். கார் நிறுவனத்துக்குத் தேவை வெறும் மெட்டு என்றால், அதை எந்த இசையமைப்பாளரும் குறைந்த கூலிக்குப் போட்டுத் தந்திருப்பார். அது வாங்க விரும்பியது, ஓராண்டாக இலட்சக்கணக்கான இளைஞர்கள் அந்தப் பாட்டோடு பிணைத்து வைத்திருந்த நினைவுகளை. அந்தச் சரக்குக்கு முழு உரிமையாளர் யார்? புறவிளைவுகள் குறித்து ஆண்டுதோறும் பாடம் நடத்திய எனக்கு இக்கேள்வி தோன்றாமல் போனது வெட்கத்துக்குரியது.

மோரிசனைப் புனிதராக்குவது என் நோக்கமன்று. மது அவரை அழித்தது. 1969 மார்ச்சில் மயாமி மேடையில் நடந்துகொண்ட விதத்துக்காக மறு ஆண்டு தண்டிக்கப்பட்டார். ஃபுளோரிடா அரசு மன்னிப்பு வழங்கியது 2010இல்தான். 1971 ஜூலை 3 அன்று பாரிஸில் தம் 27ஆம் வயதில் இறந்து, பேர் லாஷேஸ் கல்லறைத் தோட்டத்தில் அடக்கமானார். அவருடைய சொத்துகள் வாழ்க்கைத்துணையான பமேலா கோர்சனுக்குச் சென்றன. 1974இல் பமேலாவும் இறந்துபோக, பின்னர் அவை இருவரின் பெற்றோருக்கும் உரியவையாயின.

மறுக்கும் உரிமையை அதன் பிறகு கையில் எடுத்தவர் மத்தளக் கலைஞரான டென்ஸ்மோர், 1968இல் கையெழுத்திட்ட மூவரில் ஒருவர். இடையில் ஒரு முறை அவரும் தளர்ந்து, பிரெல்லி டயர் விளம்பரத்துக்கு ஒரு பாட்டைத் தர இசைந்தார். மனம் உறுத்தவே தம் பங்கை அறச்செயல்களுக்குக் கொடுத்துவிட்டார். இந்த நூற்றாண்டின் தொடக்கத்தில் கேடிலாக் நிறுவனம் மற்றொரு பாட்டுக்கு 15 மில்லியன் டாலர் வரை தர முன்வந்தபோது மறுத்தார். 75,000 டாலரிலிருந்து கணக்கிட்டால் இது 200 மடங்கு. இடைப்பட்ட காலத்துப் பணவீக்கம் ஏறத்தாழ ஐந்து மடங்கை மட்டுமே விளக்கும். எஞ்சியதில் ஒரு பகுதி குழுவின் புகழ் என்றாலும், பெரும்பகுதி அவர்கள் விற்க மறுத்துவந்ததன் விலை என்பதே என் கணிப்பு.

வாடகை கொடுக்க வழியில்லாத இளம் கலைஞர் ஒருவர் தம் பாட்டை விளம்பரத்துக்குத் தந்தால் நான் குறைகூற மாட்டேன். டோர்ஸ் குழுவினர் செல்வந்தர்கள். மறுப்பது அவர்களுக்குக் கட்டுப்படியானது. அவ்வாறு கட்டுப்படியாகும் கலைஞர்களும் என் பழைய பாடத்தைச் சொல்லித் தப்பித்துக்கொள்வதைத்தான் இன்று என்னால் ஏற்க இயலவில்லை.

மன்சாரெக்கும் கிரீகரும் குழுவின் பெயரைத் தழுவிப் புதிய குழு நடத்தியதை எதிர்த்து டென்ஸ்மோர் வழக்குத் தொடுத்தார். கேடிலாக் போன்ற வாய்ப்புகளைக் கெடுத்தார் என்று அவர் மீது 40 மில்லியன் டாலர் கேட்டு எதிர்வழக்கும் வந்தது. பமேலாவின் குடும்பத்தாரோடு, மகன் பாடப் போனதை என்றும் விரும்பாத அந்தக் கடற்படைத் தளபதியும் டென்ஸ்மோரின் பக்கம் நின்றார். வருமானத்தில் பங்கு அவருக்கும் இருந்தது. மறுப்பினால் இழப்பும் அவருக்கு இருந்தது. 2005இல் தீர்ப்பு டென்ஸ்மோர் தரப்புக்குச் சாதகமாக வந்தது. 2008இல் மேல்முறையீட்டிலும் அதுவே நிலைத்தது. தளபதி மோரிசன் காலமானதும் அதே ஆண்டில்தான்.