நோயைத் தேடிச் சென்ற மருத்துவர்

மலாயாவின் முதல் இரயில் 1885ஆம் ஆண்டு தைப்பிங்கிற்கும் போர்ட் வெல்ட் துறைமுகத்திற்கும் இடையே ஓடியது. ஈயத்தை ஏற்றிச் செல்ல அமைக்கப்பட்ட பாதை அது. அந்நாளில் பினாங்கில் ஒரு பொற்கொல்லரின் வீட்டில் ஆறு வயதுச் சிறுவன் ஒருவன் வளர்ந்து வந்தான். இரயில் பண்டங்களோடு நோயையும் ஊர்விட்டு ஊர் கொண்டு செல்லும் என்பதைப் பின்னாளில் நேரில் கண்டு, அதைத் தடுக்கப் போராடியவர் அவரே. அவர்தாம் டாக்டர் வூ லியன் தே.

1879ஆம் ஆண்டு பிறந்த வூ, அரசியார் உபகாரச் சம்பளம் பெற்று இங்கிலாந்து சென்றார். கேம்பிரிட்ஜில் மருத்துவம் பயின்று 1903இல் நாடு திரும்பினார். கோலாலம்பூரில் பெரிபெரி நோய் குறித்து ஆய்வு செய்தார். பினாங்கில் சொந்தமாக மருத்துவமும் பார்த்தார். பின்னர், சீன அரசின் அழைப்பை ஏற்றுத் தியான்ஜின் இராணுவ மருத்துவக் கல்லூரியில் பணியில் சேர்ந்தார்.

1910ஆம் ஆண்டின் இறுதியில் வடசீனாவின் ஹார்பின் நகரில் கொள்ளைநோய் பரவியது. நோய் கண்டவர்கள் இருமி, இரத்தம் கக்கி, ஓரிரு நாளிலேயே மடிந்தனர். டிசம்பர் மாதக் கடுங்குளிரில் வூ அங்குச் சென்று சேர்ந்தார். அப்போது அவருக்கு வயது 31.

எலியும் தெள்ளுப்பூச்சியுமே இந்நோயைப் பரப்புகின்றன என்று மருத்துவ உலகம் நம்பியிருந்த காலம் அது. வூ இறந்த ஒரு பெண்ணின் உடலை ஆராய்ந்தார். நுரையீரலில் கிருமிகள் இருந்தன. நோய் மூச்சுக்காற்றின்வழி மனிதரிடமிருந்து மனிதருக்குத் தொற்றுகிறது என முடிவு செய்தார். பஞ்சை மெல்லிய துணியில் பொதிந்து முகக்கவரி செய்து, அனைவரையும் அணியச் சொன்னார். வயதிலும் பதவியிலும் மூத்த பிரெஞ்சு மருத்துவர் மெனி இதை ஏற்கவில்லை. முகக்கவரியின்றி நோயாளிகளைப் பார்த்தார். சில நாள்களில் அதே நோய்க்குப் பலியானார். அதன் பிறகுதான் நகரம் இளம் மருத்துவரின் சொல்லுக்குச் செவிசாய்த்தது. எத்துணை விலை கொடுத்துப் பெற்ற பாடம்!

நோயாளிகள் மருத்துவமனைக்கு வரட்டும் என்று வூ காத்திருக்கவில்லை. நோயுற்றோரைப் பலர் வீட்டிலேயே மறைத்து வைத்திருந்தனர். எனவே, நகரின் ஒரு பகுதியை நான்கு வட்டாரங்களாகப் பிரித்து, நாள்தோறும் வீடு வீடாகச் சோதனையிடக் குழுக்களை அனுப்பினார். நோயாளிகள் உடனே மருத்துவமனைக்குக் கொண்டு செல்லப்பட்டனர். அவர்களோடு பழகியவர்கள் இரயில் சரக்குப் பெட்டிகளில் தனியே தங்க வைக்கப்பட்டனர். நலமாகத் தோன்றினாலும் அவர்களுடைய உடல் வெப்பமும் நாடித்துடிப்பும் நாள்தோறும் பார்க்கப்பட்டன. நோயின் முதல் அறிகுறியை அங்கேயே பிடித்துவிட வேண்டும் என்பதே நோக்கம். புத்தாண்டுக்காகச் சொந்த ஊர் திரும்பும் தொழிலாளர்களால் நோய் தெற்கே பரவியதால், இரயில் போக்குவரத்தும் கட்டுப்படுத்தப்பட்டது.

இதைவிடக் கடினமான பணி ஒன்றும் இருந்தது. நிலம் உறைந்து போனதால் ஆயிரக்கணக்கான சவங்கள் புதைக்கப்படாமல் கிடந்தன. அவற்றை எரிப்பது சீனர்களின் வழக்கத்திற்கு மாறானது. ஆயினும், வூ அரசின் அனுமதியைப் பெற்று, 1911 ஜனவரி இறுதியில் அவற்றை எரிக்கச் செய்தார். மார்ச் முதல் நாளோடு ஹார்பினில் நோய் நின்றது. வடசீனாவில் ஏறத்தாழ 60,000 பேர் மாண்டிருந்தனர்.

நோய் ஒழிந்துவிட்டது என்று வூ ஓய்ந்திருக்கவில்லை. கொள்ளைநோய்த் தடுப்புப் பணிக்கென நிலையான அமைப்பொன்றை உருவாக்கி, நோயில்லாத ஆண்டுகளிலும் ஆய்வும் கண்காணிப்பும் தொடர வழிசெய்தார். 1920இல் நோய் மீண்டும் தலைகாட்டியபோது அதை எதிர்கொள்ள மருத்துவமனைகளும் பயிற்சி பெற்ற பணியாளர்களும் தயாராக இருந்தனர். அம்முறை உயிரிழப்பு முன்னதைவிட மிகக் குறைவு. பின்னர், சீனத் துறைமுகங்களில் கப்பல்களையும் பயணிகளையும் சோதிக்கும் பணிக்கும் அவர் தலைமையேற்றார். 1935ஆம் ஆண்டு அவர் பெயர் நோபல் பரிசுக்கும் முன்மொழியப்பட்டது.

1937இல் போர் மூண்டதும் வூ மலாயாவுக்குத் திரும்பினார். உலகப் புகழ் பெற்ற அம்மருத்துவர் ஈப்போவில் சாதாரண மருந்தகம் ஒன்றை நடத்தினார். பேராக் மக்களுக்கு ஒரு நூலகம் வேண்டுமென்று நிதியும் திரட்டினார். ஈப்போவிலுள்ள துன் ரசாக் நூலகம் அம்முயற்சியில் வேர்கொண்டதே. 1960 ஜனவரி 21ஆம் நாள், தாம் பிறந்த பினாங்கிலேயே அவர் காலமானார்.