68 வயசுல புது வீடு, புது வேலை... கொல்லிமலையின் 'பிராண்ட் பாட்டி' கதை தெரியுமா?

திங்கட்கிழமை வேலையில் சேரணும். குடிபோன வீட்டுல பெயின்ட் வாசனை இன்னும் போகலை, பிளம்பர் போனை எடுக்கலை, அட்டைப்பெட்டிகளுக்கு நடுவுல படுத்துட்டு இதைப் படிக்கிறீங்களா? அப்போ ஈவ்லின் பிராண்டை நீங்க தெரிஞ்சுக்கணும்.

லண்டனில் வசதியான குடும்பத்தில் 1879-ல் பிறந்தவர். மிஷனரியாகத் தமிழ்நாட்டுக்கு வந்து, 1913-ல் ஜெஸ்ஸி பிராண்டைத் திருமணம் செய்தார். குடிபோன இடம் கொல்லிமலையில் உள்ள வாழவந்தி. இன்னிக்கு நாம 70 கொண்டை ஊசி வளைவுகளை வீடியோ எடுத்துட்டே ஏறுறோம். அன்னிக்கு ரோடே கிடையாது. வீட்டுக்கான மரம்கூட ஆட்களின் தலைச்சுமையாகத்தான் மேலே போனது. ஜெஸ்ஸியே கட்டிய அந்த மர வீடு, கம்பங்கள் மேல நின்றது. கரையான் ஏறாம இருக்க, ஒவ்வொரு கம்பத்தின் தலையிலும் உலோகத் தட்டைக் கவிழ்த்து வெச்சிருந்தாங்க.

அந்த வீட்டிலிருந்து வைத்தியம், பள்ளிக்கூடம், தச்சு வேலைப் பயிற்சின்னு எல்லாம் தொடங்கியது. 1923-ல் மகனையும் மகளையும் படிக்க இங்கிலாந்துக்கு அனுப்பினாங்க. மகன் வேற யாருமில்லை, பின்னாளில் வேலூர் சி.எம்.சி-யில் தொழுநோயாளிகளின் கைகளுக்கு அறுவை சிகிச்சை செய்து உலகப் புகழ்பெற்ற டாக்டர் பால் பிராண்ட். அவர் அப்பாவை மறுபடி பார்க்கவே இல்லை. 1929-ல் ஜெஸ்ஸி காய்ச்சலில் இறந்துபோனார்.

அதுக்கப்புறம் ஈவ்லினுக்கு சமவெளியில்தான் வேலை. மனசு மட்டும் மலையிலேயே இருந்தது. 68 வயதில், 'போதும், ஓய்வெடுங்க' என்ற நிலைக்கு மிஷன் வந்தபோது, அவரும் சந்தோஷமாக ஓய்வுபெற்றார். எங்கே போனார் தெரியுமா? நேராகக் கொல்லிமலைக்கு! அங்கே ஒரு சின்ன வீடு. சம்பளமும் பதவியும் இல்லாத புது வேலை.

குதிரையில் ஏறி ஊர் ஊராகப் போனார். கீழே விழுந்து எலும்பு முறிந்தபோதும் வீட்டில் உட்காரலை. ரெண்டு மூங்கில் கம்பை ஊன்றி நடந்தார். கொல்லிமலையோடு நிறுத்தாமல், சுற்றியுள்ள மலைகளுக்கும் போனார். கிணற்றுத் தண்ணீரில் மக்கள் இறங்கி நிற்பதால்தான் நரம்புச் சிலந்தி நோய் பரவுதுன்னு புரியவெச்சு, கிணறுகளைச் சுற்றிக் கல்சுவர் கட்டச் சொன்னார். எளிய வேலைதான். ஆனா எத்தனையோ கால்கள் தப்பிச்சது.

கடைசி 20 வருஷம் அவர் வீட்டில் ஒரு கண்ணாடிகூட இல்லையாம். முகத்துல எத்தனை சுருக்கம்னு பார்க்கிறதில் அவருக்கு ஆர்வமில்லை. 1974 டிசம்பரில், 95 வயதில் இறந்தார். வாழவந்தியில் கணவர் பக்கத்திலேயே அடக்கம்.

உங்க வீட்டுல இன்னும் கண்ணாடி மாட்டலையா? பரவாயில்லை, திங்கட்கிழமை கிளம்புங்க. மத்ததெல்லாம் மெதுவா சரியாகிடும்!