பல்லிடுக்கிற் கண்ட உலகம்

நமது நெடுந்தீவுக்கு ஒல்லாந்தர் இட்ட பெயர் டெல்வ்ற் என்பது. அஃது அவர் தாயகத்து நகரொன்றின் பெயர். அந்நகரிலே பிறந்து, தொண்ணூறாண்டு வாழ்ந்து, அங்கேயே மறைந்தவர் அந்தோனி வன் லீவன்ஹூக். நுணுக்குக்காட்டியின் பேரால் அவரை மாணாக்கர் அறிவர். யான் அவரை எண்ணுவது வேறொன்று பற்றி. மனிதர் பல்லைப் பற்றிக்கிடக்கும் நுண்ணுயிர்களை முதன்முதற் கண்டு எழுதிவைத்தவர் அவரே.

அவர் 1632ஆம் ஆண்டு ஒக்ரோபர் 24ஆந் திகதி பிறந்தார். தந்தையார் கூடை முடைபவர். மகனுடைய இளமையிலேயே இறந்துபோனார். பதினாறாம் வயதில் அம்ஸ்ரடாம் சென்று துணி வணிகர் ஒருவரிடந் தொழில் பழகிய லீவன்ஹூக், 1654இல் ஊர் மீண்டு, மணம் முடித்துத் துணிக்கடை வைத்தார். 1658இல் அவர் நாட்டார் யாழ்ப்பாணக் கோட்டையைக் கைப்பற்றியபோது, அவர் டெல்வ்ற்றிலே முழக்கோலுங் கையுமாய் இருந்தார். பின்னர் நகரமன்றத்திற் சிறிய உத்தியோகமொன்றுங் கிடைத்தது.

இலத்தீன் அவர் கற்றிலர். அக்கால ஐரோப்பாவிலே இலத்தீன் அறியாதார் அறிஞர் அவையில் வாய் திறப்பது அரிது. இலக்கணத்திலேயே காலங்கழித்த என்போன்றார்க்கு இச்செய்தி சற்று உறைக்கவே செய்யும். அவரோ கடலைமணியினுஞ் சிறிய வில்லைகளைத் தம் கையாலே தேய்த்து, இரண்டு பித்தளைத் தகடுகளுக்கிடையே பதித்து, தாம் காண்பவற்றை ஒல்லாந்து மொழியிலேயே இலண்டன் வேத்தியற் கழகத்துக்கு எழுதிவந்தார். இன்று எஞ்சியுள்ள அவருடைய கருவிகளுள் ஒன்று பொருளை ஏறக்குறைய 270 மடங்கு பெருக்கிக் காட்டுகின்றது. மிளகு உறைப்பதேன் என்றறிய விரும்பி அதனை நீரில் ஊறவைத்துப் பார்த்தபோது, அந்நீரிலே எண்ணிறந்த சிற்றுயிர்களைக் கண்டதாக 1676இல் எழுதினார். கழகத்தார் ஐயுற்றனர். அடுத்த ஆண்டு றொபேட் ஹூக் தாமுங் கண்டு உறுதிப்படுத்தினார். 1680இல் லீவன்ஹூக் அக்கழகத்தின் உறுப்பினராயினர்.

பல்லைப் பற்றிய கடிதம் 1683ஆம் ஆண்டு செப்ரெம்பர் 17ஆந் திகதியிடப்பட்டது. அப்பொழுது அவருக்கு வயது ஐம்பது. நாடோறுங் காலையில் உப்பினாற் பல் துலக்கி, பல்லிடுக்கைக் குத்திச் சுத்தஞ்செய்து, துணியாலுந் துடைப்பவர் அவர். அங்ஙனஞ் செய்தும் கடைவாய்ப் பற்களிடையே குழைத்த மாப்போன்ற வெண்பொருள் தங்கியிருக்கக் கண்டார். அதனை எடுத்து, சிற்றுயிர் எவையும் இல்லாத மழைநீரிற் கலந்து நோக்கினார். சில அம்புபோற் பாய்ந்தன. சில பம்பரம்போற் சுழன்றன. சில மெல்ல வளைந்து சென்றன. பெண்டிரிடமும் சிறுவன் ஒருவனிடமும் அவ்வாறே எடுத்துப் பார்த்தார். வாழ்நாளிற் பல்லே துலக்காத கிழவரொருவரையும் விட்டிலர்! ஒருவர் வாயில் வாழும் உயிர்கள் தம் நாட்டு மக்கட்டொகையினும் மிகுதி என்று அவர் கணித்தார்.

அதன் பின்னர்ச் செய்த சோதனையே என்னைப் பெரிதுங் கவர்ந்தது. கடுங்காடியை வாயிற்கொண்டு பல்லிடுக்குகளினூடே பலமுறை ஓடவிட்டுக் கொப்பளித்தார். ஆயினும் பல்லிடை அழுக்கிலே உயிர்கள் முன்போலவே திரிந்தன. அவ்வழுக்கை வெளியே எடுத்துக் காடியைக் கலந்தபோதோ, உடனே மாண்டன. காடி மேலுள்ளவற்றை மாத்திரங் கொன்றது, அழுக்கின் உள்ளே புகவில்லை என்று அவர் துணிந்தார்.

அத்துணிபின் உண்மையை இன்று நாம் நன்கறிவோம். பல்லைத் துலக்கிய சிறிது நேரத்திலேயே உமிழ்நீர்ப் புரதம் அதன்மேல் மெல்லிய படலமாய்ப் படியும். அப்படலத்தைப் பிடித்துப் பற்றீரியாக்கள் குடியேறும். அவற்றுள் ஸ்றெப்ரோகொக்கசு மியூற்றன்சு என்பது, நாம் உண்ணுஞ் சீனியைக்கொண்டு நீரிற் கரையாத பசையொன்றைச் சமைத்துக்கொள்ளும். அப்பசையே அதற்கு வீடும் மதிலுமாம். கொப்பளிக்கும் நீர் அதனைப் பெயர்க்காது. அம்மதிலுக்குள் இருந்து அது சீனியை அமிலமாக்க, அமிலம் பல்லின் மிளிரியிலுள்ள கல்சிய உப்பைக் கரைக்கும். உமிழ்நீர் அமிலத்தைத் தணித்து, இழந்த உப்பைச் சிறிது சிறிதாய் மீட்டுத்தரும். இடைவிடாது இனிப்புத் தின்போர் வாயில் அதற்கு அவகாசம் ஏது? கரைவு மிஞ்சிக் குழி விழும். அதுவே சூத்தை.

சூத்தைப் பல்லைப் புழு அரிக்கின்றதென்பது பாபிலோனியர் காலந்தொட்டு வந்த நம்பிக்கை. கண்டங்கத்தரி விதையைப் புகைத்துப் பல்லிற் புழு எடுக்கும் வழக்கம் நம்மவரிடத்தும் இருந்ததன்றோ? 1700ஆம் ஆண்டளவில், அவ்வாறு புகையூட்டி எடுத்தவை என்று சொல்லப்பட்ட புழுக்கள் லீவன்ஹூக்கிடம் வந்தன. வாயெல்லாம் உயிர்கள் என்று உலகுக்கு உரைத்தவர், இதோ சான்று என்று கூத்தாடியிருக்கலாம். அவர் செய்தது அதுவன்று. பழுதான பாற்கட்டியிற் காணப்படும் ஈப்புழுக்களோடு அவற்றை ஒப்புநோக்கி, இரண்டும் ஒன்றே, உணவோடு வந்தவை என்று முடிவு கூறினார். தம் கொள்கைக்கு ஆதரவாய் வலிய வந்த சான்றையும் சோதித்து விலக்கும் இந்நேர்மை, நூல் பல கற்றாரிடத்தும் எளிதிற் காணப்படுவதன்று.

ஆனால் தாம் கண்ட சிற்றுயிர்களே பல்லை அழிப்பன என்று அவர் ஓரிடத்துங் கூறினாரல்லர். அதனை விளக்கியவர், பேர்லினிற் பணிபுரிந்த அமெரிக்கரான மில்லர் என்பார். அவர் நூல் 1890இல் வெளிவந்தது. மியூற்றன்சு என்னும் பற்றீரியாவைக் கிளார்க் என்பார் இனங்கண்டது 1924இலே. இத்துணைத் தாழ்வுக்கு லீவன்ஹூக்கும் ஒருவாற்றாற் பொறுப்பாளியே. தமது சிறந்த வில்லைகளைச் செய்யும் முறையையும், அவற்றாற் பார்க்கும் முறையையும் ஒருவருக்குங் கற்பித்திலர். மாணாக்கர் இல்லாத வித்தை, அவரோடு ஏறக்குறைய நின்றுபோயிற்று. ஆசிரியனாகிய எனக்கு இஃதொன்றே அவரிடத்துள்ள மனத்தாங்கல்.

1723ஆம் ஆண்டு ஓகஸ்ற் 26ஆந் திகதி அவர் காலமானார். தாம் வெள்ளியாற் செய்த 26 நுணுக்குக்காட்டிகளை வேத்தியற் கழகத்துக்கு உரித்தாக்கியிருந்தார். மகள் மரியா அவற்றைப் பேழையோடு அனுப்பிவைத்தாள். கழகத்தார் நூறாண்டுவரையிற் காத்துவைத்திருந்தனர். 19ஆம் நூற்றாண்டிலே அவை காணாமற்போயின.