எண்ணைக் கையிற் கொடுத்த அம்மையார்

எண்ணையும் எழுத்தையும் மனிதனுக்கு இரு கண்களாக வைத்துப் பேசுவது நம் முன்னோர் மரபு. எழுத்தாகிய கண்ணைத் திறந்துவைத்த பெரியோர் பலருடைய சரித்திரங்களை நாம் ஆண்டுதோறும் கேட்டும் படித்தும் வருகின்றோம். எண்ணாகிய கண்ணைச் சிறு குழந்தைகளுக்குத் திறக்கும் வழியை ஆராய்ந்து கண்டவர்களோ மிகச் சிலர். அச்சிலருள்ளே முன்வரிசையில் நிற்பவர் மரியா மொண்டிசோரி அம்மையார்.

அவர் இத்தாலி தேசத்திற் பிறந்தவர். ஆயினும் தமது முதுமைக் காலத்தில் ஏறக்குறைய ஏழு ஆண்டுகள் பாரத தேசத்திலே தங்கியிருந்தார். 1944-ஆம் ஆண்டில் நமது இலங்கைக்கும் வந்து ஆசிரியர்களுக்குப் பயிற்சி அளித்தார். நம் ஊர்களில் பாலர் பாடசாலை என்பதற்குப் பதிலாக மொண்டிசோரி என்றே பலரும் சொல்கின்றனர். ஒருவருடைய பெயர் ஊரெங்கும் வழங்க, அவர் செய்த காரியம் மறக்கப்பட்டுப் போவது உலகில் புதிதன்று. அம்மையாருக்கும் அவ்வாறு நேர்ந்துவிடாதிருக்க, அவர் வரலாற்றை, சிறப்பாக அவர் எண் கற்பித்த முறையை, இங்கே சுருக்கமாகக் கூறுவோம்.

அம்மையார் 1870-ஆம் ஆண்டு ஆகஸ்ட் 31-ஆம் திகதி, கியாரவல்லே என்னும் சிற்றூரிலே பிறந்தார். தந்தையார் அரசாங்க உத்தியோகத்தர். குடும்பம் பின்பு உரோமாபுரிக்குக் குடிபெயர்ந்தது. இளமையிலேயே கணிதத்தில் அவருக்கு மிகுந்த விருப்பம் இருந்தது. பெண்கள் பெரும்பாலும் அடியெடுத்து வைக்காத தொழில்நுட்பப் பாடசாலையிற் சேர்ந்து படித்தார். பொறியியலாளராக வர எண்ணினார். பின்பு மனம் மாறி வைத்தியம் படிக்கத் துணிந்தார். தந்தையார் விரும்பவில்லை, தாயாரோ துணை நின்றார். ஆண் மாணவர்களோடு ஒருங்கிருந்து பிரேத பரிசோதனை பயிலுதல் பெண்ணுக்குத் தகாது என்று அக்காலத்தவர் கருதியபடியால், மற்றவர் எல்லாரும் போன பின்னர், மாலை வேளையிலே தனியாக நின்று அவர் அதனைப் பயின்றார். இத்தகைய இடர்களையெல்லாம் கடந்து 1896-ஆம் ஆண்டிலே உரோமைப் பல்கலைக்கழகத்தில் வைத்தியப் பட்டம் பெற்றார்.

வைத்தியராக அவர் முதலிற் கண்டவர்கள் மனநோயாளரின் விடுதிகளிலே அடைக்கப்பட்டிருந்த குழந்தைகள். புத்தி குறைந்தவர்கள் என்று உலகம் ஒதுக்கிவிட்ட அக்குழந்தைகளுக்கு வேண்டியது மருந்து மட்டுமன்று, கைகளுக்கு ஒரு வேலையும் கூட என்று அம்மையார் உணர்ந்தார். பிரான்சு தேசத்து அறிஞர்களான இத்தார், செகுவான் என்போரின் நூல்களைத் தேடிப் படித்தார். தொட்டும், தூக்கியும், அடுக்கியும் பழகும் கருவிகளைச் செய்து அக்குழந்தைகளுக்குக் கொடுத்தார். அவர்களுட் சிலர் எழுதப் படிக்கக் கற்று, ஏனைய பிள்ளைகளோடு சமமாகப் பரீட்சை எழுதித் தேறினர். கண்டவர்கள் அதிசயித்தனர். அம்மையாரோ வேறொன்றை எண்ணிக் கவலையுற்றார். குறையுள்ள குழந்தைகள் இவ்வளவு தூரம் முன்னேறுவார்களாயின், குறையில்லாத குழந்தைகளைச் சாதாரணப் பாடசாலைகள் எவ்வளவு கீழே அமுக்கி வைத்திருக்கின்றன என்பதே அக்கவலை. அதன் பின்னர் அவர் செய்தனவெல்லாம் அக்கவலையிலிருந்து பிறந்தவையே.

அவருடைய சொந்த வாழ்விலும் ஒரு துயர் இருந்தது. 1898-ஆம் ஆண்டிற் பிறந்த மகன் மரியோவை, அக்காலச் சமூகக் கட்டுப்பாடுகளின் காரணமாக, அவர் தம்மோடு வைத்து வளர்க்க இயலவில்லை. பிள்ளை கிராமத்திலே பிறர் வீட்டில் வளர்ந்தான். பல ஆண்டுகளின் பின்னரே தாயும் மகனும் ஒன்று சேர்ந்தனர். அதன்பின் இறுதிவரை மரியோ அவருக்கு வலக்கையாக இருந்தார்.

1907-ஆம் ஆண்டு ஜனவரி 6-ஆம் திகதி, உரோமாபுரியின் ஏழைத் தொழிலாளர் வாழும் சான் லொரென்சோ என்னும் பகுதியிலே, அம்மையார் முதலாவது குழந்தைகள் இல்லத்தைத் தொடங்கினார். தாயும் தந்தையும் வேலைக்குப் போய்விட, பகல் முழுதும் கேட்பாரற்றுத் திரிந்த சிறுவர் சிறுமியரே அங்கு வந்தவர்கள். வயலுக்கும் வாவிக்கும் போகும் பெற்றோரைக் கொண்ட நம் ஊர்ப் பிள்ளைகளின் நிலையை அறிந்தவர்களுக்கு அவ்விடம் அந்நியமாகத் தோன்றாது.

அங்கே அவர் எண் கற்பிக்க எடுத்துக்கொண்ட பொருள்களில் ஒன்று சில்லறைக் காசு. காசை மாற்றுவதும் எண்ணுவதும் பிள்ளைகளுக்குப் பிடித்தமான விளையாட்டாயின. பின்பு பத்து மரக்கோல்களைச் செய்வித்தார். மிகச் சிறியது 10 சென்றிமீற்றர். மிகப் பெரியது ஒரு மீற்றர். சிவப்பும் நீலமுமாக மாறி மாறி நிறந்தீட்டிய அக்கோல்களைப் பிள்ளை தூக்கி அடுக்கும்போது, ஐந்து என்பது நான்கைவிட எவ்வளவு நீளம் என்பதைக் கையே அறிந்துகொண்டது. அரத்தாளில் வெட்டி ஒட்டிய இலக்கங்களை விரலாலே தடவித் தடவி அவற்றின் வடிவத்தை அறிந்தனர். நம் திண்ணைப் பள்ளிகளில் மணலிலே விரலால் எழுதிப் பழகிய வழக்கத்தை இது நினைவூட்டும்.

பூச்சியம் என்றால் என்ன என்பதைச் சிறு குழந்தைக்கு விளக்குவது எளிதன்று. அம்மையார் அதற்கொரு விளையாட்டைக் கண்டார். ஒரு பிள்ளையை அழைத்து, பூச்சியம் முறை தம்மிடம் வரும்படி சொல்வார். பிள்ளை ஓடி வந்துவிடும். ஒரு முறை வந்துவிட்டாயே, பூச்சியம் முறையல்லவா சொன்னேன் என்று அவர் வியப்பது போலக் காட்டுவார். சில தடவைகளின் பின்னர், பிள்ளைகள் சிரிப்பை அடக்கிக்கொண்டு இருந்த இடத்திலேயே இருக்கக் கற்றுக்கொள்வர். அடுத்தது ஒரு பெட்டி. 0 முதல் 9 வரை இலக்கமிட்ட பத்து அறைகளும், நூற்கும் கதிர் போன்ற 45 மரக்கோல்களும் அதிலுண்டு. ஒன்றில் ஒன்று, இரண்டில் இரண்டு என்று போட்டு வந்தால் 9-இல் எல்லாம் தீர்ந்துவிடும். பூச்சியத்தின் அறை வெறுமையாகவே இருக்கும். இடையிலே பிழைத்தால் இறுதியிற் கோல் மிஞ்சும் அல்லது குறையும். பிழையை ஆசிரியர் சொல்லவேண்டியதில்லை, பெட்டியே சொல்லிவிடும். அடிக்கும் ஏச்சுக்கும் அங்கே இடமில்லை.

எண்ணிலே குழந்தை தடுமாறும் பெரிய வாசல் ஒன்பதுக்கு அடுத்தது. ஒன்றிலிருந்து நூறு வரை பாட்டுப்போல ஒப்புவிக்கும் பிள்ளையிடம், 34 என்பதிலுள்ள 3 எத்தனையைக் குறிக்கிறது என்று கேட்டுப் பாருங்கள்; மூன்று என்று சொல்லி நிற்கும். அது முப்பது என்பதை அறிதலே இடப்பெறுமானம். நம் முன்னோர் பத்து, நூறு, ஆயிரம் என்பவற்றுக்கு ௰, ௱, ௲ என்று தனிக் குறிகள் வைத்திருந்தனர். இருநூற்று நாற்பத்து மூன்றை ௨௱௪௰௩ என்று, வாயாற் சொல்லுகிறபடியே எழுதினர். இக்காலத்தில் 243 என எழுதும்போது நூறும் பத்தும் கண்ணுக்குத் தெரிவதில்லை. இருக்கும் இடத்தைக் கொண்டே அறிய வேண்டும். எண்பத்தாறு என்ற சொல்லிலே எட்டும், பத்தும், ஆறும் ஒலிப்பது தமிழ்ப் பிள்ளைக்குக் கிடைத்த பேறு. ஆயினும் நூறில்லாத தொண்ணூற்றில் நூறும், ஆயிரமில்லாத தொள்ளாயிரத்தில் ஆயிரமும் ஒலிப்பதனால், அவ்விடங்களில் நம் பிள்ளைகள் மயங்குவதும் உண்டு.

இம்மயக்கத்தைத் தீர்க்க அம்மையார் கண்ட கருவியே பொன்மணிகள். தனி மணி ஒன்று. பத்து மணிகளைக் கம்பியிற் கோத்தது ஒரு பத்து. அத்தகைய பத்துக் கம்பிகளை அருகருகே பிணைத்த சதுரம் நூறு. பத்துச் சதுரங்களை ஒன்றன்மேலொன்றாக அடுக்கிய கனவுரு ஆயிரம். ஒன்றை இரு விரலால் எடுக்கும் குழந்தை, ஆயிரத்தை இரு கையாலும் தாங்குகிறது. ஒன்றுக்கும் ஆயிரத்துக்குமுள்ள தூரத்தைச் சொல்லால் விளக்கவேண்டிய அவசியமே இல்லை.

பின்பு எண் அட்டைகள் வரும். ஒன்றுகள் பச்சை, பத்துகள் நீலம், நூறுகள் சிவப்பு, ஆயிரம் மீண்டும் பச்சை. ஆயிரத்து இருநூற்று நான்கைக் கொண்டுவரச் சொன்னால், பிள்ளை ஒரு கனவுருவையும், இரண்டு சதுரங்களையும், நான்கு மணிகளையும் தட்டிலே வைத்து வரும். 1000, 200, 4 என்னும் அட்டைகளை ஒன்றன்மேலொன்றாக வைத்தால் 1204 ஆகும். பத்தின் இடத்திலே பூச்சியம் ஏன் நிற்கிறது? தட்டிலே பத்துக் கம்பி எதுவும் இல்லை, அதுதான் காரணம். பத்து மணிகள் சேர்ந்ததும் அவற்றைக் கொடுத்து ஒரு கம்பியை மாற்றிக்கொள்ளும் பிள்ளைக்கு, கூட்டற் கணக்கிலே மிச்சம் கொண்டுபோவது ஏன் என்பதும் தானே விளங்கிவிடும்.

இவ்விடத்தில் இளைஞர்கள் ஒன்றைச் சிந்திக்க வேண்டும். பத்து இலக்கங்களால் எந்த எண்ணையும் எழுதும் இம்முறை பாரத தேசத்திலே தோன்றியது. பூச்சியத்தோடு கணக்கிடும் விதிகளைப் பிரமகுப்தர் கி.பி. 628-இல் எழுதிவைத்தார். ஒன்பதாம் நூற்றாண்டிலே பக்தாத் நகரத்து அறிஞர் அல்-குவாரிஸ்மி அதனை அரபு மொழியில் விளக்கினார். 1202-ஆம் ஆண்டில் பீசா நகரத்து லெயொனார்தோ என்பவர் இத்தாலியிலே அதனைப் பரப்பினார். இந்துக்கள் கண்டு, இஸ்லாமியர் காத்து வளர்த்து, இத்தாலியர் ஏற்றுக்கொண்ட அச்செல்வத்தைக் குழந்தைகளின் கைக்கு எட்டும்படி மணிகளாகக் கோத்து, இத்தாலியப் பெண்மணி ஒருவரே மீண்டும் நம் கரைக்குக் கொண்டுவந்தார். ஓட்டமாவடிப் பாலத்தின் இரு பக்கத்திலும் வாழும் நாம் எல்லோரும் உரிமையோடு பெருமைப்படக்கூடிய வரலாறு இது.

அவர் நம் கரைக்கு வந்த காரணம் துன்பமானது. எண்கணிதம் கற்பித்தல் பற்றிய அவருடைய பெருநூல் 1934-இல் பார்சலோனா நகரிலே வெளிவந்தது. அதே ஆண்டில், முசோலினியின் ஆட்சியோடு ஏற்பட்ட முரண்பாட்டால், இத்தாலியில் அவருடைய பாடசாலைகள் மூடப்பட்டன. 1936-இல் ஸ்பானிய உள்நாட்டுப் போர் அவரைப் பார்சலோனாவிலிருந்தும் துரத்தியது. ஒல்லாந்திலே தங்கியிருந்த அவரைச் சென்னை அடையாற்றிலுள்ள பிரமஞான சபையார் அழைத்தனர். 1939-ஆம் ஆண்டு இறுதியில் மகனோடு அங்கு வந்து சேர்ந்து, ஏறக்குறைய 300 பேருக்குப் பயிற்சி வகுப்பு நடத்தினார். அவர் இத்தாலிய மொழியிற் பேச, மகன் ஆங்கிலத்தில் மொழிபெயர்த்தார்.

1940-இல் இத்தாலி போரிற் குதித்தது. இத்தாலியர் என்ற காரணத்தால் மரியோ சிறைவைக்கப்பட்டார். அம்மையாரும் விரும்பிய இடம் செல்ல முடியாதிருந்தது. அவருடைய எழுபதாவது பிறந்த நாளன்று மகன் விடுவிக்கப்பட்டு அவரிடம் அனுப்பப்பட்டார். இளமையில் மகனைப் பிரிந்திருந்த தாய்க்கு அதைவிடச் சிறந்த பிறந்தநாட் பரிசு வேறு என்ன இருக்க முடியும்? பின்னர் கோடைக்கானல் மலையிலே தங்கி, போர் நடந்த காலம் முழுவதும் தம் பணியைத் தொடர்ந்தார். 1946-இல் ஐரோப்பாவுக்குத் திரும்பியவர், மறுபடியும் பாரத தேசத்துக்கு வந்து சென்றார். 1952-ஆம் ஆண்டு மே 6-ஆம் திகதி, தமது 81-ஆவது வயதில் ஒல்லாந்திலே காலமானார். அவரை வெளியேறச் செய்த இத்தாலி தேசம் பிற்காலத்தில் தனது ஆயிரம் லிரா நாணயத்தாளில் அவருடைய உருவத்தைப் பொறித்தது.

1931-ஆம் ஆண்டில் இலண்டன் நகரிலே அம்மையாரைச் சந்தித்த மகாத்மா காந்தியடிகள், இக்கல்வி செல்வர் வீட்டுப் பிள்ளைகளோடு நின்றுவிடாமல் பரம ஏழைகளின் பிள்ளைகளுக்கும் கிடைக்க வேண்டும் என்ற தமது விருப்பத்தை வெளியிட்டார். ஏழைகளின் குடியிருப்பிலே தொடங்கிய இக்கல்வி, பொன்மணிகளின் விலை காரணமாக அவ்வேழைகளுக்கே எட்டாத பொருளாகிவிடும் அபாயத்தை அடிகள் கண்டார் போலும். அம்மையாரின் பெயரைப் பலகையில் எழுதிவிட்டு, மூன்று வயதுக் குழந்தையைக் கொப்பியிலே ஒன்று முதல் நூறு வரை பார்த்தெழுத வைக்கும் இடங்கள் பலவுண்டு. அது அவருக்குச் செய்யும் மரியாதையாகாது.

பெரியோர்களே, இளைஞர்களே! பொன்மணி இல்லையென்று நாம் கைகட்டி நிற்க வேண்டியதில்லை. அரிந்த உப்பட்டிகளைக் கட்டாகக் கட்டி, கட்டுகளைச் சேர்த்துச் சூடு வைக்கும் வேளாண்மைக்காரருக்கு இடப்பெறுமானம் தெரியாததன்று. தென்னையோலை ஈர்க்கை ஒரே அளவாக நறுக்குங்கள். பத்தை நூலாற் கட்டினால் ஒரு பத்து. பத்துக் கட்டுகளைச் சேர்த்துக் கட்டினால் ஒரு நூறு. அத்தகைய பத்தைப் பெருங்கட்டாகக் கட்டினால் ஆயிரம். பழைய கலண்டர் அட்டையை வெட்டி மூன்று நிறத்தில் இலக்கங்களை எழுதுங்கள். பிள்ளை தானே கட்டட்டும், தானே அவிழ்க்கட்டும். வாரத்தில் இரு மாலைப் பொழுதை நம் சங்கத்து இளைஞர்கள் இதற்கென ஒதுக்குவார்களாயின், அரிவரி வகுப்பிலேயே கணக்கு வராதவன் என்று பெயர் வாங்கும் பிள்ளைகள் பலர் அப்பெயரிலிருந்து தப்புவர்.

போரும் கடற்கோளும் கண்ட நம் பகுதியிலே, கற்கும் வசதி குறைந்த பிள்ளைகள் இன்னும் உள்ளனர். அவர்களுட் பலர் மந்தபுத்தியுடையவர் அல்லர். எண்ணைக் கையிலே தொட்டுப் பார்க்க வாய்ப்புக் கிடைக்காதவர்கள். அவ்வாய்ப்பைக் கொடுப்பது மூத்தவர்களாகிய நம் கடமை.