கவளத்தின் வழி கண்டவர்

ஜவ்வாது மலையில் வாழும் முதியவர் ஒருவருக்குச் சாமைச்சோற்றுக் கவளம் நெஞ்சில் சிக்கிக்கொள்கிறது என வைத்துக்கொள்வோம். மலையிறங்கி வேலூருக்கோ திருவண்ணாமலைக்கோ வரும் அவருக்கு, மருத்துவமனையில் சுண்ணாம்பு கரைத்தாற்போன்ற வெண்ணிறக் கரைசலைப் பருகத் தருவர். அது பேரியம் சல்பேட்டு. எக்ஸ் கதிர்களை அது தடுப்பதால், அவர் விழுங்க விழுங்க உணவுக்குழாய் எங்கே குறுகியுள்ளது, எங்கே தசை நெகிழ மறுக்கிறது என்பன திரையில் புலப்படும். நீரில் கரையாத உப்பாதலின் உடலில் கலவாது வெளியேறிவிடும்.

விழுங்குதலைக் கண்ணால் காணும் இவ்வழியைத் தொடக்கத்திலேயே திறந்தவர் வால்டர் பிராட்போர்டு கேனன். 1871ஆம் ஆண்டு அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தில் பிறந்தார். பதினான்காம் அகவையில் தந்தை அவரது படிப்பை நிறுத்தி இரயில்வே அலுவலகப் பணியில் சேர்த்தார். ஈராண்டுகளுக்குப் பின் மீண்டும் பள்ளி புகுந்த அவர், உதவித்தொகை பெற்று ஹார்வர்டை அடைந்தார்.

1895இல் ராண்ட்ஜன் எக்ஸ் கதிர்களைக் கண்டறிந்தார். மறு ஆண்டே, மருத்துவக் கல்லூரியின் முதலாண்டு மாணவரான கேனனிடமும் அவர்தம் தோழர் மோசரிடமும், அக்கதிர்களால் விழுங்குதலை ஆராயுமாறு பேராசிரியர் பௌடிச் பணித்தார். நெடுங்கழுத்துடைய பெருவாத்து ஒன்று பெட்டியில் நிறுத்தப்பட்டது. பிஸ்மத் உப்பு அடைத்த குளிகையை அது விழுங்க, கருநிழலொன்று கழுத்து வழியே இறங்குவதை அவர்கள் ஒளிர்திரையில் கண்டனர். பிஸ்மத் உப்பு சிலருக்கு நஞ்சாக, 1910இல் செருமானிய அறிஞர்கள் பேரியம் சல்பேட்டை அதனிடத்தில் வைத்தனர்.

பின்னர்ப் பூனையின் இரைப்பையை நோக்கிய கேனன் புதுமையொன்றைக் கண்டார். பூனை கலங்கியபோது இரைப்பையின் அசைவு நின்றது. தடவிக்கொடுத்து அமைதிப்படுத்தியபின் மீண்டும் தொடங்கியது. அழுதுகொண்டே உண்ணலாகாது என்று நம் இல்லத்து மூத்தோர் கடிவதை இங்கு நினைத்துக்கொள்ளலாம். அச்சமும் சினமும் உடலை எங்ஙனம் மாற்றுகின்றன என்னும் அவரது நெடிய ஆய்வு இவ்விடத்தில்தான் வேர்கொண்டது. உடல் தன் உள்நிலையைச் சமன் செய்துகொள்வதற்கு ஹோமியோஸ்டாசிஸ் எனப் பெயரிட்டவரும் அவரே.

அக்காலத்தில் கதிர்களின் தீங்கு எவருக்கும் முழுமையாகத் தெரிந்திருக்கவில்லை. இன்று பணியாளர் ஈயக்கவசம் அணிவர். அல்லது ஈயக்கண்ணாடிக்கு அப்பால் நிற்பர். கேனனோ போதிய காப்பின்றிப் பலகாலம் திரைமுன் நின்றவர். அவரது தோல் புண்பட்டது. முதுமையில் அரிப்பு மிக்க தோல்நோய் வாட்டியது. அது நிணநீர்ப் புற்றுநோய் வகையைச் சார்ந்தது. இளமையில் பட்ட கதிர்களே அதற்குக் காரணம் எனக் கருதப்படுகிறது. 1945 அக்டோபர் முதல் நாளில் அவர் மறைந்தார்.