பால்கேயின் கைவண்ணம்

பனையோலையைப் பதப்படுத்தி, நறுக்கி, துளையிட்டுக் கயிறு கோத்த பின்னரே நம் முன்னோர் எழுத்தாணியைக் கையிலெடுத்தனர். நூல் செய்தவரை நாம் அறிவோம். ஏடு செய்தவரை அறியோம். திரைப்படத்துக்கும் அத்தகைய ஏட்டுப் பருவம் ஒன்று இருந்தது. கையால் துளையிட்டு, மருந்துநீரிற் கழுவி, உலர்த்தி, வெட்டி ஒட்டிய பிலிம் சுருளே அதன் ஏடு. அவ்வேலை முழுவதையும் தம் இல்லத்திலேயே நடத்திக் காட்டியவர் தாதாசாகேப் பால்கே.

துண்டிராஜ் கோவிந்த பால்கே 1870 ஏப்ரல் 30ஆம் நாள் நாசிக்கை அடுத்த திரியம்பகத்தில் பிறந்தார். தந்தையார் வடமொழிப் புலவர். மகனோ பம்பாய் ஜே. ஜே. ஓவியப் பள்ளியிலும் பரோடாக் கலாபவனத்திலும் பயின்றார், ஒளிப்படம் பிடித்தார், செப்பிடுவித்தை கற்றார், தொல்பொருட்டுறையில் வரைவாளராயிருந்தார், அச்சுத்தொழிலில் இறங்கி, பங்காளிகளோடு பிணங்கி அதனையும் விட்டார். நிலையற்ற மனத்தினர் என்று ஊரார் எண்ணியிருத்தல் கூடும். பின்னாளில் இவை அனைத்தும் ஒரு தொழிலில் வந்து கூடியதை நோக்கின், அவர் வீணாக ஒன்றையும் கற்கவில்லை என்றே நான் சொல்வேன்.

இயேசுநாதர் வாழ்வைக் காட்டும் ஊமைப்படம் ஒன்றைப் பம்பாயிற் கண்டது முதல், கண்ணன் கதையும் இராமன் கதையும் இவ்வாறு திரையிற் தோன்றவேண்டும் என்னும் வேட்கை அவரைப் பற்றிக்கொண்டது. விளையாட்டுக் கருவி ஒன்றையும் சில சுருள்களையும் வாங்கி, மெழுகுதிரியின் ஒளியை வில்லை வழியே செலுத்தி வீட்டுச் சுவரிற் படம் காட்டினார். பொருளாதாரத் தடைக் காலத்தில் சைக்கிள் சில்லைக் கையாற் சுழற்றி, டைனமோவின் மின்னில் வானொலி கேட்ட வன்னி மக்களுக்கு இக்காட்சியை விரித்துரைக்க வேண்டியதில்லை.

இரவுபகலாகப் படம் பார்த்தும் பரிசோதித்தும் கண் கெட்டது. சிலகாலம் பார்வையே மறைந்தது. மருத்துவத்தால் அது மீண்டதும் அவர் செய்தது என்ன? காப்புறுதிப் பத்திரங்களை ஈடுவைத்து 1912 பெப்ரவரியில் இலண்டனுக்குக் கப்பலேறினார். அங்கே ஹெப்வர்த்தின் படக்கூடத்தில் தொழிலை நேரிற் கண்டு, வில்லியம்சன் கமராவும் துளையிடு பொறியும் வாங்கிவர ஏற்பாடு செய்து திரும்பினார்.

முதலில் எடுத்தது தெய்வக்கதையன்று. பட்டாணி விதை ஒன்று முளைத்த கதை. கமராவை அசையாது நிறுத்தி, ஒரு மாதத்துக்கு மேலாகச் சிறிது சிறிதாகப் படம்பிடித்தார். சுருள் ஓடியபோது, விதை வெடித்துக் கொடியாவதைச் சில கணங்களிற் கண்டவர்கள் வியந்தனர். பணம் கொடுக்கவும் ஆள் கிடைத்தது.

இனி, சரசுவதிபாய் அம்மையாரைப் பற்றிச் சொல்லவேண்டும். பால்கேக்குக் கிடைத்த பிலிமில் ஓரத்துளைகள் இல்லை. பற்சக்கரம் பற்றி இழுக்கத் துளைகள் வேண்டும். வெளிச்சம் பட்டாற் கெடும் பொருளாதலின், இருட்டறையில் இருந்தே துளையிடல் வேண்டும். அதனைச் செய்தவர் பால்கேயின் மனைவியாராகிய இவ்வம்மையார். ஓரடிப் பிலிமில் 16 படங்கள். ஒவ்வொரு படத்துக்கும் பக்கத்துக்கு நான்காக எட்டுத் துளைகள். பால்கேயின் முதற் பெரும்படமாகிய ‘ராஜா அரிச்சந்திரா’ 3,700 அடி நீளம். திரைக்கு வந்த அந்நீளத்துக்கு மட்டும் கணக்கிட்டால் 4,73,600 துளைகள்! பிசகினால் திரையிற் படம் துள்ளும். பகலில் அறுபது எழுபது பேருக்குச் சமைத்தவரும் அவரே. வெயிலில் வெள்ளைத்துணியை ஏந்தி நடிகர் முகத்தில் ஒளி படியச் செய்தவரும் அவரே. அவர் நகைகளும் தொழிலுக்கே போயின.

நாம் சந்திரமதி என்பவரை வடநாட்டார் தாராமதி என்பர். அவ்வேடத்துக்குப் பெண்கள் இசையாமையால், உணவகமொன்றில் வேலைசெய்த சாளுங்கே என்னும் இளைஞரை ஆக்கினார் பால்கே. ஆடவரே பெண்வேடம் பூணும் முல்லைத்தீவுக் கோவலன் கூத்தைப் பார்த்தோர்க்கு இது புதுமையன்று. உரோகிதாசனாக நடித்தவர் பால்கேயின் மகன். படம் 1913 மே 3ஆம் நாள் பம்பாய்க் கொரனேசன் அரங்கில் வெளியாயிற்று. 1912இலேயே ‘புண்டலீக்’ வந்ததே என்பாரும் உளர். அது மேடை நாடகத்தைப் படம்பிடித்தது. கழுவுவதற்கு இலண்டனுக்கு அனுப்பப்பட்டது. ஆதலின் முதன்மையைப் பால்கேக்கே நான் கொடுப்பேன்.

எம் தீவின் பெயர் தாங்கிய ‘இலங்கா தகனம்’ 1917இல் வந்தது. அதில் இராமனும் சீதையும் அதே சாளுங்கே! இராமன் திரையிற் தோன்றியபோது பார்த்திருந்தோர் பாதரட்சைகளைக் கழற்றினராம். ‘காளிய மர்த்தனம்’ 1919இல் வந்தது. பாம்பின்மேல் ஆடிய பாலகண்ணன் பால்கேயின் மகள் மந்தாகினி.

பேசும்படம் வந்தபின் அவர் கை தாழ்ந்தது. 1937இல் ‘கங்காவதரணம்’ என ஒன்றே பேசும்படமாக எடுத்தார். 1944 பெப்ரவரி 16ஆம் நாள் நாசிக்கில், பலரும் மறந்த நிலையிற் காலமானார். சிவாஜி கணேசனும் பெற்ற இந்திய அரசின் உயர்ந்த திரைப்பட விருது, 1969 முதல் அவர் பெயரால் வழங்கப்படுகிறது.

அவர் எடுத்தவற்றுட் பெரும்பாலானவை அழிந்தன. ‘காளிய மர்த்தனம்’ பெரும்பகுதி தப்பியுள்ளது. படம் எடுக்கும் முறையை விளக்க அவர் ஆக்கிய துண்டுப்படம் ஒன்றும் எஞ்சியுள்ளது. அதில் பால்கே பிலிமைக் கையிலெடுத்து ஆராய்வதை இன்றும் காணலாம்.