பகடையை ஐயுற்றவர்

கிராமக் கணக்கெடுப்பு ஒன்றின் வயதுப் பட்டியலை அண்மையில் ஆராய நேர்ந்தது. பெரிய பட்டியலில் வயதின் கடைசி இலக்கம் 0 முதல் 9 வரை ஏறத்தாழச் சமமாகப் பரவியிருக்க வேண்டும். ‘ஆர்’ என்னும் புள்ளியியல் மென்பொருளில் ஒரு வரிக் கட்டளை தந்தேன். பரவல் சீரானதன்று என்று நொடியில் விடை வந்தது. பூச்சியத்திலும் ஐந்திலும் வயதுகள் குவிந்து கிடந்தன.

அந்த ஒரு வரிக்குப் பின்னால் நிற்பவர் கார்ல் பியர்சன். 1857இல் லண்டனில் வழக்கறிஞர் ஒருவரின் மகனாகப் பிறந்தார். 1879இல் கேம்பிரிட்ஜ் கணிதத் தேர்வில் மூன்றாமிடம் பெற்றார். ஜெர்மனியில் பயின்றார், சட்டமும் கற்றார். 1884இல் லண்டன் யூனிவர்சிட்டி கல்லூரியில் கணிதப் பேராசிரியரானார்.

அவருடைய நண்பரும் விலங்கியலாளருமான வெல்டன், 12 பகடைகளை 26,306 முறை உருட்டிக் குறித்துவைத்திருந்தார். ஐந்தும் ஆறும் சற்றே மிகுதியாக விழுந்திருந்தன. அது தற்செயலா, பகடையின் கோணலா? கண்ணளவில் சொல்லிவிட முடியாது. 1900இல் பியர்சன் அதற்கொரு வழி கண்டார். ஒவ்வொரு வகையிலும் எதிர்பார்த்த எண்ணிக்கைக்கும் கிடைத்ததற்கும் உள்ள வேறுபாட்டை வர்க்கப்படுத்தி, எதிர்பார்த்ததால் வகுத்து, அனைத்தையும் கூட்ட வேண்டும். அத்தொகை மிகப் பெரிதானால் தற்செயல் என்ற விளக்கம் நிலைக்காது. இதுவே கை-வர்க்கச் சோதனை. வெல்டனின் பகடைகள் அதில் தேறவில்லை.

1901இல் வெல்டன், கால்டன் ஆகியோருடன் சேர்ந்து ‘பயோமெட்ரிகா’ இதழைத் தொடங்கினார். கேம்பிரிட்ஜில் அவ்விதழின் தொகுதிகளைக் கண்டு ஈர்க்கப்பட்ட மகலனோபிஸ்தான் பின்னாளில் கொல்கத்தாவில் இந்தியப் புள்ளியியல் நிறுவனத்தை எழுப்பினார். நம் நாட்டுப் புள்ளியியலுக்கும் பியர்சனிடம் கடன் உண்டு.

ஆயினும் அவர் வாழ்வின் மறுபக்கத்தை மறைப்பது நேர்மையாகாது. தம் சோதனையில் இருந்த ஒரு பிழையை 1922இல் ஃபிஷர் திருத்தியபோது, பியர்சன் அதை ஏற்க மறுத்தார். அதனினும் கொடிது அவருடைய இனமேம்பாட்டுக் கொள்கை. 1911இல் அத்துறையின் முதல் பேராசிரியரானார். யூதக் குடியேறிகளின் குழந்தைகளை அளந்து, அவர்கள் தாழ்ந்தவர்கள் என்று முடிவுகட்டிய ஆய்வை 1925இல் இன்னொருவருடன் இணைந்து வெளியிடத் தொடங்கினார். எண்கள் அவர் கையில் இருந்தன. அவற்றுக்குப் பொருள் கூறியது அவருடைய முன்முடிவு. 1936இல் மறைந்தார். 2020இல் அவர் பணியாற்றிய கல்லூரியே தன் கட்டடத்திலிருந்து அவர் பெயரை நீக்கியது.

பகடையை ஐயுற்ற அளவுக்கு அவர் தம் நம்பிக்கையை ஐயுறவில்லை. இக்குறையை அவரோடு முடிந்ததாகக் கருத எனக்குத் துணிவில்லை. வயதுகள் சீராக இல்லை என்று மட்டுமே மென்பொருள் சொன்னது. ஏன் என்று சொல்லவில்லை. அவ்வூரார் பொய்யர் என்றோ அறிவிலிகள் என்றோ நான் எழுதியிருந்தாலும் அது தடுத்திராது. பட்டியலை மீண்டும் புரட்டினேன். குவியல் பெரும்பாலும் முதியோரிடம் இருந்தது. அவர்கள் பிறந்த நாளை அன்று எவரும் பதிவு செய்யவில்லை. அதனால் அறுபது, அறுபத்தைந்து என்று தோராயமாகச் சொல்லியிருக்கிறார்கள். குறை பதிவேட்டினுடையது, அவர்களுடையதன்று.